புதுசா, பழசா? தம்பி மகன் கேட்ட கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்தில் மிளகுக்கொடி பக்கம் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. கோவையில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பி மகன்.

“பெரியப்பா, ஒரு யோசனை கேக்கணும். ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். புதுசு வாங்கறதா, செகண்ட் ஹேண்ட் வாங்கறதான்னு முடிவுக்கு வர முடியல. நீங்க பேங்க்ல வண்டிக் கடன் குடுத்தவருதானே, சொல்லுங்க” என்றான்.

ஜெர்மன் கம்பெனி வண்டி. இரண்டு கதவு, இரண்டு சீட்டு. புதுசு என்றால் ஷோரூம் விலை 80 லட்சம். அதே மாடல் நாலு வருடம் ஓடியது பெங்களூரில் 42 லட்சத்துக்கு இருக்கிறதாம். அவன் கையில் இருப்பது 40 லட்சம். வீடு வாங்கச் சேர்த்து வைத்த பணம்.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ரெண்டு நாள் குடு சாமி, யோசிச்சுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டேன். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் வீட்டிலும் பிள்ளைகளும் பேரன்களும் இன்று இப்படித்தான் கேட்கிறார்கள்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். “இதெல்லாம் எதுக்கு, வீண் ஆடம்பரம்” என்று சொல்லித் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. வேகமான வாகனத்தின் மேல் ஆசை நேற்று வந்ததல்ல. நம் செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. அவனோடு சண்டையிட்ட மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குப் பெயர் காரி. தன் பெயரையே குதிரைக்கு வைக்கும் அளவுக்கு மன்னர்களுக்கே ஆசை இருந்திருக்கிறது. முப்பது வயதுப் பையனுக்கு இருக்கக் கூடாதா? என் இளமையில் சேலம் ரோட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு போனால் அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். சென்னையில் செய்த கார் அது. கடைசிவரை வாங்கவில்லை, அது வேறு விஷயம்.

இன்னொன்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். புதுசு, பழசு என்பதில் நம் தலைமுறையின் புத்தி இன்றைய சந்தைக்கு அப்படியே பொருந்தாது. நாம் வளர்ந்த காலத்தில் அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு இந்த மூன்றை விட்டால் கார் கிடையாது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். கையில் வண்டி வந்த அன்றே அதைக் கூடுதல் விலைக்கு விற்றவர்கள் உண்டு. பழசு புதுசை விட விலை அதிகமாக இருந்த காலம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக அது மாறியது. அதனால் “வண்டி வாங்கிப் போட்டா சொத்து மாதிரி” என்று நாம் சொல்வதை இன்றைய பிள்ளைகள் நம்பினால் மோசம் போவார்கள். கார் சொத்து இல்லை. தினமும் தேய்கிற பொருள்.

எவ்வளவு தேய்கிறது என்று கணக்குப் போட்டேன். பேங்க்கில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவனுக்குப் பேப்பரும் பேனாவும் இல்லாமல் யோசனை ஓடாது.

2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். 80 லட்சம் ஷோரூம் விலை என்றால் அதில் கார் 57 லட்சம், வரி 23 லட்சம். அதற்கு மேல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம், சுமார் 16 லட்சம். ஆக 57 லட்ச ரூபாய் வண்டிக்கு 39 லட்சம் வரி. இன்சூரன்ஸ், இதர செலவு எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு கோடி.

இனி தேய்மானம். இன்சூரன்ஸில் வண்டியின் மதிப்பைக் குறைக்க ஒரு அட்டவணை இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டாம் வருடம் 20, மூன்றாம் வருடம் 30, நான்காம் வருடம் 40, ஐந்தாம் வருடம் 50. ஐந்தாவது வருடம் வண்டிக்கு அவர்கள் போடும் மதிப்பு 40 லட்சம். நீங்கள் கட்டிய 16 லட்சம் வாழ்நாள் வரியை, விற்கும்போது யாரும் தனியாக எடுத்துக் கையில் கொடுக்கப் போவதில்லை. 40-ம் 16-ம் 56 லட்சம். அறுபது மாதத்துக்கு வகுத்தால் மாதம் 93,000 ரூபாய். வண்டி ஷெட்டில் நின்றாலும் இந்தத் தேய்மானம் நிற்காது.

அவன் கையில் இருப்பது 40 லட்சம்தான். மீதி 60 லட்சத்துக்குக் கடன். ஏழு வருடம், 9 சதவீத வட்டி என்றால் மாதம் சுமார் 96,500 ரூபாய் டியூ. வட்டி மட்டும் மொத்தம் 21 லட்சம். கடைசி டியூ கட்டும் நாளில் அந்த வண்டி ஏழு வருடப் பழசு.

நாமக்கல்லில் லாரிக்குக் கடன் கொடுத்தபோது நாங்கள் பார்த்தது ஒன்றே ஒன்று. இந்த வண்டி தன் டியூவைத் தானே சம்பாதிக்குமா? முட்டை ஏற்றுமோ, கேஸ் டேங்கர் ஓடுமோ, திருச்செங்கோட்டு ரிக் வண்டியாக வடநாடு போய்த் துளை போடுமோ, ஏதாவது ஒரு வருமானம் இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் ஒரு பைசா சம்பாதிக்காது. சம்பாதிக்காத வண்டிக்கு ஏழு வருடக் கடன் கூடாது. புதுசோ பழசோ, இதுதான் என் முதல் தீர்ப்பு.

“அப்படீன்னா பழசுதானே பெரியப்பா? முதல் ஓனர் நஷ்டத்துல நமக்கு லாபம்” என்று அவன் கேட்டான். பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்ல என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். இதை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

1996-ல் நான் ஒரு பழைய கார் வாங்கினேன். ஒரு புரோக்கர் மூலம். மீட்டர் 38,000 கிலோமீட்டர் காட்டியது. பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. மற்றவர்களின் வண்டியை ஆயிரம் கேள்வி கேட்டுக் கடன் கொடுத்த நான், என் வண்டிக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆசை அப்படி. பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து மொழுமொழு என்று இருந்ததை என் கண் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை. 38,000 கிலோமீட்டரில் பெடல் ரப்பர் அப்படித் தேயாது.

அந்த வருடம் ஆடிப் பதினெட்டுக்கு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்தேன். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு, மறுநாள் இறங்கினோம். அம்மா, என் மனைவி, முன் சீட்டில் தம்பி, பின்னால் தம்பி மனைவி மடியில் கைக்குழந்தை. காரவள்ளி ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைக்குப் போய்விட்டது.

“அண்ணா, கியரை இறக்கு, கியரை இறக்கு!” என்று தம்பி கத்தினான். அவனே கை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். முதல் கியருக்கு எப்படி வந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. வண்டியை மலைப் பக்கம் ஒடித்து, மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். தம்பி குதித்து இறங்கி, டயருக்குக் கல் வைத்தான். பின்னால் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துச் சொன்னது: பிரேக் ஆயில் ஒழுகும் பாகத்தை மாற்றாமல் ஒப்பேற்றியிருக்கிறார்கள், சேஸிலும் வெல்டிங் இருக்கிறது, மீட்டர் திருப்பியது, வண்டி ஒரு லட்சத்துக்கு மேல் ஓடியது.

அன்று மடியில் இருந்த கைக்குழந்தைதான் இன்று போனில் கேட்கிறான். கல் வைத்த தம்பி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது.

அந்த புரோக்கர் ஏமாற்றினார், உண்மை. ஆனால் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மலை இறங்கியது நான். பழைய வண்டி வாங்குகிறவன் முந்தைய ஓனரின் நஷ்டத்தில் லாபம் பார்க்கிறான் என்பது சரி. அந்த ஓனர் வண்டியை வைத்திருந்த லட்சணத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறான்.

நம் நாமக்கல் லாரிக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். பழைய லாரி பார்க்கப் போனால் பெயிண்ட்டைப் பார்க்க மாட்டார்கள். டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பார்கள், இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள், பிறகு ஒரு கேள்வி: “ஓட்டினது யாரு?” ஒரே டிரைவர் கையில் இருந்த வண்டிக்கு ஒரு விலை, நாலு கை மாறினதுக்கு ஒரு விலை. ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். குடும்பக் காரை யாரும் வேண்டுமென்று விரட்டுவதில்லை. ஸ்போர்ட்ஸ் காரை விரட்டத்தானே வாங்குகிறார்கள்!

ஆகவே பழசு என்றால் பார்க்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மீட்டரை நம்பாதே. டிஜிட்டல் மீட்டரையும் திருப்புகிறார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேஸ் நம்பரைக் கொடுத்து, எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ் ஆனது என்று வாங்கிப் பார். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருடம் 23-வது வாரம் செய்த டயர். 15,000 கிலோமீட்டர் என்று சொல்லும் வண்டியில் நாலு டயரும் வேறு வேறு வருடமாக இருந்தால் ஏன் என்று கேள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பார். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை விலையுயர்ந்த கார்கள் தண்ணீரில் நின்றன என்று டிவியில் பார்த்தோம். இன்சூரன்ஸ்காரர்கள் பணம் கொடுத்துத் தள்ளிவிடும் வண்டிகள் ஏலத்தில் போய், துடைத்துக் கழுவி, வேறு ஊரில் விற்பனைக்கு வருவது உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பார்த்தால் அடியில் சேற்றுக் கறை தெரியும். தரைவிரிப்பைத் தூக்கினால் வாடை காட்டிக்கொடுக்கும். இப்போதைய கார்களில் சீட்டுக்கு அடியில்கூட எலக்ட்ரானிக் சாமான் இருக்கிறது. ஒரு முறை நனைந்தால் இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து நிற்கும்.

காகிதம் முக்கியம். பெங்களூர் வண்டி என்றால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்க வேண்டும், அதற்கு ஃபாரம் 28. பெயர் மாற்ற ஃபாரம் 29, 30. பழைய கடன் தீர்ந்திருந்தால் அதை ஆர்சியிலிருந்து நீக்க ஃபாரம் 35. இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ப மறுபடி வாழ்நாள் வரி கட்ட வேண்டும், அங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்டு நீதான் அலைய வேண்டும். விற்றவரின் நோ கிளைம் போனஸ் அவருடையது, வண்டியோடு வராது. வெளிநாட்டிலிருந்து வந்த வண்டி என்றால் இன்னும் கவனம். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை சோதனை நடத்தி, பூடான் வழியாக முறைகேடாக வந்தவை என்ற சந்தேகத்தில் பல கார்களைப் பறிமுதல் செய்தது ஞாபகம் இருக்கும். நடிகர்கள் வீட்டுக்கே அதிகாரிகள் போனார்கள். நாலு கை மாறி வாங்கியவர், நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன் என்றால் யார் கேட்பார்கள்?

இலவசமாக வந்த காருக்கே செலவு விடவில்லை. சச்சின் டெண்டுல்கருக்கு 2002-ல் மைக்கேல் ஷூமாக்கர் கையால் ஒரு ஃபெராரி 360 மோடெனா பரிசாக வந்தது. அதற்குச் சுங்கவரி மட்டும் ஒரு கோடிக்கு மேல். அரசு வரிவிலக்குக் கொடுத்தது, ஊரெல்லாம் பேச்சு, வழக்கு. கடைசியில் பியட் கம்பெனியே வரியைக் கட்டியது. 2011-ல் சச்சின் அதை விற்றுவிட்டார். வாங்கியவர் சூரத்தைச் சேர்ந்த ஒரு வியாபாரி. அவர் வாங்கியதும் செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்தான். ஆனால் அது யார் கையில் இருந்த வண்டி என்பது அவருக்குத் தெரியும். நம் பையனுக்கு பெங்களூர் வண்டியைப் பற்றித் தெரிந்தது போட்டோ மட்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம். நாலு வருட வண்டிக்குக் கம்பெனி வாரண்ட்டி அநேகமாக முடிந்திருக்கும். 42 லட்சத்துக்கு வாங்கினாலும் உள்ளே இருப்பது 80 லட்ச ரூபாய் வண்டியின் கியர்பாக்ஸ், 80 லட்ச ரூபாய் வண்டியின் பிரேக். விற்கும் விலைதான் பாதி, உதிரி பாகத்தின் விலை முழுசு. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் மறக்கும் இடம் இதுதான். அதனால் நான் சொன்ன கணக்கு இது: கையில் இருக்கும் பணத்தை நாலு பங்காக்கு. மூன்று பங்குக்குள் வண்டி, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் முடிய வேண்டும். நாலாவது பங்கு ரிப்பேருக்கு, பேங்க்கில் தனியாக இருக்க வேண்டும். அவன் கையில் 40 லட்சம். ஆக 30 லட்சத்துக்குள் எல்லாம் முடிகிற வண்டி கிடைத்தால், அதுவும் கம்பெனியே பரிசோதித்து வாரண்ட்டியோடு விற்கும் பழைய வண்டியாக இருந்தால், வாங்கட்டும். பெரிய கம்பெனிகள் இப்போது அப்படி விற்கின்றன. விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அந்தக் கூடுதல் வீண் போகாது. புதுசு வாங்குவது, 80 லட்சம் தேய்வதைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கக்கூடியவருக்கு. இவன் அந்த ஆள் இல்லை.

“அப்போ ரெண்டுமே வேண்டாங்கறீங்க” என்றான். குரலில் வருத்தம் தெரிந்தது.

“வேண்டாங்கல. உனக்கு வேகம் வேணுமா, கார் வேணுமா? அதைச் சொல்லு மொதல்ல” என்றேன்.

அவன் கோவையில் இருக்கிறான். பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. கரிவர்தன் பெயரில் அமைந்த ஓட்டப்பந்தயத் தளம். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் கார் செய்தவர் அவர். எண்ணூறு சி.சி. இன்ஜினில் நம் பையன்கள் பந்தயம் கற்றார்கள். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். வேகம்தான் ஆசை என்றால் காசு கட்டி, ஹெல்மெட் போட்டு, அந்தத் தளத்தில் ஓட்டலாம். எதிரே டவுன் பஸ் வராது, மாடு குறுக்கே வராது.

கார்தான் ஆசை என்றால், அந்தக் காரைக் கொல்லிமலைக்குக் கொண்டுவரும் ஆசையை விட்டுவிடச் சொன்னேன். அது தரையை ஒட்டிப் போகும் வண்டி. மழைக்காலத்தில் வளைவில் உருண்டு கிடக்கும் ஒரு கல் போதும். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வேகத்தடைகளிலேயே அடி தட்டும். பழுதாகி நின்றால் நம் பட்டறையில் தொட மாட்டார்கள். கோவைக்கோ பெங்களூருக்கோ லாரியில் ஏற்றித்தான் போக வேண்டும். லாரிக்குப் பேர் போன மாவட்டத்தில் கார் லாரி மேல் ஏறிப் போவதை வேண்டுமானால் நாம் வேடிக்கை பார்க்கலாம்.

சாயங்காலம் தம்பி மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். விலையைக் கேட்டு மூர்ச்சை போடுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. “ரெண்டே சீட்டா மாமா? அப்ப நான் குடுத்து வுடற பலாப்பழத்த எங்க வெப்பான்?”

பையன் இன்னும் முடிவு சொல்லவில்லை. தாளில் எழுதிய கணக்கைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டான் என்று நீல டிக் காட்டுகிறது. அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது அந்த வளைவில் வண்டியை நிறுத்தி, அவன் அப்பன் கல் வைத்த இடத்தைக் காட்டலாம் என்று இருக்கிறேன். அதற்குப் பிறகு அவன் என்ன வாங்கினாலும், பெட்ரோல் போட்ட பிறகு பிரேக்கைப் பற்றி முதலில் கேட்பான் என்று நம்புகிறேன்.